உயிர்த்தெழுதல் கிறிஸ்தவ விசுவாசத்தைத் தாங்குமா?

உடன் பணிபுரியும் கிறிஸ்தவ நண்பர் ஒருவர், "இயேசு உயிர்த்தெழுந்தது வரலாற்றில் நிரூபிக்கப்பட்ட நிகழ்ச்சி, ஜூலியஸ் சீசருக்கு இருப்பதைவிட அதற்குச் சான்று அதிகம், அதனால்தான் விசுவாசிக்கிறேன்" என்று சொன்னதாகவும், "இறந்தவர் எழுந்தார் என்று எத்தனை பேர் சொன்னாலும் ஏற்க முடியாது" என்று நீங்கள் பதில் சொன்னதாகவும், பேச்சு அத்தோடு முறிந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். உயிர்த்தெழுதல் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு நம்பத்தக்க ஆதாரம்தானா என்பது உங்கள் கேள்வி. சந்தேகத்தோடு ஒருவர் விசுவாசியாக இருக்க முடியுமா என்பது அதற்கு வாலாக வந்த இரண்டாவது கேள்வி. நான் கிறிஸ்தவன், அதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. ஆனாலும் உங்கள் நண்பர் "நிரூபிக்கப்பட்டது" என்ற சொல்லைப் பயன்படுத்திய இடத்தில் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். நீங்கள் விசாரணைக்கு முன்பே தீர்ப்பு எழுதிய இடத்தில் உங்கள் பக்கமும் நிற்க மாட்டேன்.

சீசர் ஒப்பீட்டை முதலில் ஒதுக்கிவிடுவோம். சீசர் வாழ்ந்த காலத்திலேயே அவர் முகம் பொறித்த நாணயங்கள் உண்டு. அவரே எழுதிய போர்க்குறிப்புகள் உண்டு. அவரை அறிந்த சிசரோவின் கடிதங்கள் உண்டு. புதிய ஏற்பாட்டுக்குக் கையெழுத்துப் பிரதிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் ஒரு நூல் பழுதின்றி நம் கைக்கு வந்திருக்கிறது என்பது வேறு, அந்த நூல் சொல்வது நடந்தது என்பது வேறு. மகாபாரதத்துக்கும் பிரதிகள் ஏராளம். அதற்கு மேல், சீசர் ரூபிகான் ஆற்றைக் கடந்தார் என்ற செய்தியை ஏற்பதற்கு நாம் உலகத்தைப் பற்றி வைத்திருக்கும் எந்தக் கருத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இயேசுவின் உயிர்த்தெழுதல் நம்மிடம் கேட்பதோ அந்த மாற்றத்தைத்தான்.

அதே வேளையில், இது உவமை என்றோ உள்ளத்தில் நிகழ்ந்த எழுச்சி என்றோ சொல்லித் தப்பித்துக்கொள்ளும் வழியைக் கிறிஸ்தவம் தனக்குத் தானே அடைத்துவிட்டது. "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" என்று ஆதிச் சபையின் தூதரான பவுல் கொரிந்து நகரச் சபைக்கு எழுதினார். விருதா என்றால் வீண். தன் சமயம் பொய்யாவதற்கான நிபந்தனையை அந்தச் சமயத்தின் வேதத்துக்குள்ளேயே எழுதிவைத்த துணிச்சல் அது. 20ஆம் நூற்றாண்டில் ருடோல்ஃப் புல்ட்மன் போன்ற இறையியலாளர்கள், உயிர்த்தெழுதல் என்பது சீடர்கள் அறிவித்த செய்திக்குள் எழுந்த விசுவாசமே என்று விளக்கிப் பார்த்தார்கள். அந்த விளக்கத்தில் ஆழம் உண்டு. ஆனால் அதைப் பவுலிடம் கொண்டுபோய்க் காட்டினால் அவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அக்காலத்து மக்கள் எதையும் நம்பும் பாமரர்கள் என்பதும் சரியல்ல. ஏதென்ஸில் அரியோபாகு மேடையில் பவுல் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசியபோது சிலர் இகழ்ந்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்று எழுந்து போனார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளே சொல்கிறது. யூதர்களுக்குள்ளும் சதுசேயர் என்ற பிரிவினர் உயிர்த்தெழுதல் என்பதே இல்லை என்றவர்கள்.

இனி, கையில் இருப்பது என்ன? பலர் நினைப்பதுபோல, இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்கள் முதற்சான்று அல்ல. அவற்றுள் மூத்ததான மாற்கு ஏறத்தாழ கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபம் 50களின் நடுவில், எபேசுவிலிருந்து எழுதப்பட்டது. அதன் 15ஆம் அதிகாரத்தில்தான் இந்த விவாதத்தின் உயிர்நாடி இருக்கிறது. "நான் அடைந்ததும் உங்களுக்குப் பிரதானமாக ஒப்புவித்ததும்" என்று தொடங்கி, கிறிஸ்து மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் எழுந்தார், கேபாவுக்கும் (பேதுருவின் மறுபெயர்) பின்பு பன்னிருவருக்கும் தரிசனமானார் என்று ஒரு வரிசையைப் பவுல் சொல்கிறார். "அடைந்தேன், ஒப்புவித்தேன்" என்பவை யூத ஆசிரியர்கள் மனப்பாட மரபைக் கைமாற்றும்போது பயன்படுத்திய சொற்கள். அதாவது இந்த வரிசை பவுல் எழுதும்போது உண்டாக்கியது அல்ல. அவருக்கு முன்பே யாரோ ஓதிவந்த பாடம். எப்போது பெற்றார்? கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், தாம் மனம் திரும்பி மூன்று ஆண்டுகள் கழித்து எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கியதாகவும், இயேசுவின் சகோதரனாகிய யாக்கோபையும் கண்டதாகவும் சொல்கிறார். அங்கேதான் பெற்றார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சிலுவை நிகழ்ந்தது 30லோ 33லோ என்றால், பேதுருவின் வாயிலிருந்தும் யாக்கோபின் வாயிலிருந்தும் பவுல் நேராகக் கேட்டது அதிலிருந்து பத்தாண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. கடவுள் நம்பிக்கையற்ற ஆய்வாளர்களும் இந்தப் பகுதி மிகப் பழையது என்பதைப் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். உயிர்த்தெழுதல் என்பது நூறு ஆண்டு வளர்ந்த புராணம் என்ற வாதம் இங்கே வந்து நின்றுபோகிறது.

அந்தப் பட்டியலிலேயே தயக்கம் தரும் இடங்களும் உண்டு. ஐந்நூறு பேருக்கு மேற்பட்டோர் ஒரே வேளையில் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று பவுல் எழுதுகிறார். அத்தனை பெரிய நிகழ்ச்சியை நான்கு சுவிசேஷகர்களில் ஒருவரும் அந்த எண்ணிக்கையோடு சொல்லவில்லை. எங்கே, எப்போது என்பதும் இல்லை. சுவிசேஷங்களில் முதலிடம் பெறும் பெண்கள் பவுலின் பட்டியலில் பெயரோடு இடம்பெறவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, "அகாலப்பிறவிபோன்ற எனக்கும் தரிசனமானார்" என்று பவுல் தம் அனுபவத்தையும் பேதுருவின் அனுபவத்தையும் ஒரே வினைச்சொல்லால் குறிக்கிறார். பவுல் மனம் திரும்பிய வேளையில், தமஸ்கு வழியில் அவருக்கு நேர்ந்தது ஒளியும் குரலும். லூக்காவில் வருவதுபோல மீன் தின்று காட்டிய உடல் அல்ல. தமிழ் வேதாகமத்தின் "தரிசனமானார்" என்ற சொல்லைக் கவனியுங்கள்: கண்ணால் நேரே காண்பதையும் அது குறிக்கும், கோவில் கருவறை முன் நிற்பதையும் குறிக்கும், கனவில் வந்ததையும் குறிக்கும். கிரேக்க மூலச்சொல்லும் அப்படித்தான். ஆபிரகாமுக்குக் கர்த்தர் தரிசனமானார் என்று பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பில் வருவதும் அதே சொல். ஆகவே, சீடர்கள் எதையோ கண்டார்கள் என்பது வரை வரலாறு உறுதியாக வருகிறது. கண்டது எப்படிப்பட்டது என்பதில் அந்த ஒரு சொல்லே இரண்டு பக்கமும் கதவு திறந்து வைத்திருக்கிறது.

சுவிசேஷங்களுக்கு வருவோம். கல்லறைக்குப் போன பெண்கள் மத்தேயுவில் இருவர், மாற்கில் மூவர்; லூக்காவில் இன்னும் பலர்; யோவானில் மகதலேனா மரியாள் மட்டும் பெயரோடு வருகிறாள். அங்கே இருந்தது ஒரு வாலிபனா, ஒரு தூதனா, இருவரா என்பதும் மாறுகிறது. மத்தேயுவில் சீடர்கள் அவரைக் காண்பது கலிலேயா மலையில். லூக்காவிலோ எல்லாம் எருசலேமையும் அதன் சுற்றுப்புறத்தையும் விட்டு நகர்வதில்லை. ஆட்களின் எண்ணிக்கை வேறுபடுவதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே விபத்தைக் கண்ட நால்வரின் வாக்குமூலமும் அப்படித்தான் இருக்கும். கலிலேயாவா எருசலேமா என்ற வேறுபாடு அத்தனை எளிதல்ல; இரண்டையும் ஒட்டவைக்கப் பிரசங்கிகள் படும் பாடு அதற்குச் சாட்சி. மாற்கின் முடிவு இன்னும் வியப்பானது. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய், வத்திக்கான் பிரதிகளில் அந்தச் சுவிசேஷம் 16ஆம் அதிகாரம் 8ஆம் வசனத்தோடு முடிந்துவிடுகிறது: பெண்கள் நடுங்கி ஓடினார்கள், பயத்தால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நம் வேதாகமங்களில் அதன்பின் வரும் பன்னிரண்டு வசனங்கள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பதில் அறிஞர்களிடையே ஏறத்தாழ கருத்து வேறுபாடே இல்லை.

வெறுமையான கல்லறைக்கு ஆதரவாகச் சொல்லப்படுவதில் எனக்கு வலிமையாகத் தோன்றுவது, அதைக் கண்டதாகச் சொல்லப்படுபவர்கள் பெண்கள் என்பது. பெண்களின் சாட்சியை ஏற்கலாகாது என்று அதே நூற்றாண்டின் யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ் எழுதியிருக்கிறார். 2ஆம் நூற்றாண்டில் கெல்சுஸ் என்ற கிரேக்க அறிஞர், புத்தி பேதலித்த ஒரு பெண் சொன்னதை நம்பி ஒரு சமயமா என்று கிண்டல் செய்ததை, அவருக்கு மறுப்பெழுதிய ஓரிகன் பதிவு செய்திருக்கிறார். பெண்கள் சொன்னது சீடர்களுக்கே "வீண்பேச்சாகத் தோன்றினது" என்று லூக்கா ஒளிவுமறைவின்றி எழுதுகிறார். கதை கட்டுகிறவர்கள் முதல் சாட்சியாகப் பேதுருவையோ, இயேசுவை அடக்கம் செய்த அரிமத்தியா யோசேப்பையோ நிறுத்தியிருப்பார்கள். பிணத்தைச் சவக்குழியில் எறிந்திருப்பார்கள், கல்லறையே இருந்திருக்காது என்போருக்கும் ஒரு பதில் உண்டு. 1968இல் எருசலேமின் வடகிழக்கே ஒரு கல்லறையில், குதிகால் எலும்பில் ஆணி பாய்ந்த நிலையில் யெஹோஹானான் என்பவரின் எலும்புகள் பெட்டியில் முறையாக வைக்கப்பட்டுக் கிடைத்தன. சிலுவையில் அறையப்பட்டவரும் குடும்பக் கல்லறையில் அடக்கம் பெற முடிந்தது என்பதற்கு அது கண்ணெதிர்ச் சான்று. எல்லாருக்கும் அது கிடைத்தது என்பதற்கு அது சான்றாகாது.

மாற்று விளக்கங்களில் இரண்டை விரைவாகக் கடந்துவிடலாம். சீடர்கள் உடலைத் திருடினார்கள் என்பது மிகப் பழைய குற்றச்சாட்டு. மத்தேயுவே அதைக் குறிப்பிடுகிறார். 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ரைமாருஸ் அதற்குப் புத்துயிர் கொடுத்தார். அவர் இறந்தபின் எழுத்தாளர் லெஸ்ஸிங் அந்தக் கையெழுத்துப் பிரதியை வெளியிட்டார். இயேசு சாகவில்லை, மயங்கித்தான் கிடந்தார் என்பது இன்னொன்று. சிலுவையில் தொங்கிய தம் நண்பர் மூவரை ரோமத் தளபதி டைட்டஸிடம் கெஞ்சி இறக்கச் செய்ததாகவும், மருத்துவம் பார்த்தும் இருவர் இறந்துபோக ஒருவர் பிழைத்ததாகவும் யோசேபுஸ் எழுதியிருக்கிறார்; எனவே பிழைப்பதே நடவாத காரியம் அல்ல. ஆனால் பாதி உயிரோடு தவழ்ந்து வருகிற ஒருவரைப் பார்த்து, மரணத்தை வென்ற ஆண்டவர் என்று யாரும் பணியமாட்டார்கள் என்று இந்தக் கருத்தை முறித்துப்போட்டவர் விசுவாசி அல்லர்; சுவிசேஷங்களைக் கடுமையாக விமர்சித்த டேவிட் ஸ்ட்ராஸ்தான்.

நின்று பேச வேண்டிய மாற்று விளக்கம், துக்கத்தில் எழும் காட்சி என்பது. 1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர், வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி ஓர் ஆய்வை வெளியிட்டார். அவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர், இறந்த கணவனோ மனைவியோ அருகில் இருப்பதை உணர்ந்ததாக, சிலர் குரலைக் கேட்டதாக அல்லது உருவத்தைக் கண்டதாகச் சொன்னார்கள். அவர்கள் மனநோயாளிகள் அல்லர். பலர் அதை அதற்குமுன் யாரிடமும் சொன்னதும் இல்லை. நம் வீடுகளிலும் பதினாறாம் நாள் கழிந்தபின் "நேற்று ராத்திரி அப்பா வந்து கட்டிலருகே நின்றார்" என்று சொல்லாத அம்மாக்கள் குறைவு. இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்த குற்றவுணர்வோடு இருந்த பேதுருவுக்கு அப்படி ஒன்று நேர்ந்திருக்கக் கூடாதா? நேர்ந்திருக்கலாம். ஆனால் கட்டிலருகே அப்பாவைக் கண்ட அம்மா, அவர் எழுந்துவிட்டார், சுடுகாட்டுக்குப் போய்ப் பாருங்கள் என்று சொல்வதில்லை. அந்தக் காட்சி அவர் இறந்துவிட்டார் என்பதையே அவளுக்கு உறுதிப்படுத்துகிறது. யூதர்களிடமும் இதற்குத் தனிச்சொல் இருந்தது. சிறையிலிருந்து தப்பிய பேதுரு கதவைத் தட்டியபோது, உள்ளே இருந்தவர்கள் அது பேதுரு அல்ல, "அவருடைய தூதன்" என்றார்கள் என்று நடபடிகள் 12ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆவி, தூதன், மேலுலகத்துக்கு உயர்த்தப்பட்ட நீதிமான் என்று பல சொற்கள் கையிருப்பில் இருக்க, சீடர்கள் உலக முடிவில் எல்லாருக்கும் நேரவேண்டிய உயிர்த்தெழுதல் என்ற சொல்லை எடுத்து, ஒரே மனிதருக்கு, நடு வரலாற்றில் ஏன் பயன்படுத்தினார்கள்? ஆங்கிலப் பேராயரான என். டி. ரைட் 2003இல் வெளியிட்ட பெருநூல் இந்தக் கேள்வியின்மேல்தான் கட்டப்பட்டது.

அந்த வாதம் எனக்குப் பிடிக்கும். அதனாலேயே அதன் ஓட்டையையும் காட்ட வேண்டும். இயேசுவைப் பற்றிக் கேள்விப்பட்ட ஏரோது அரசன், தான் தலைவெட்டுவித்த யோவான்ஸ்நானன் மரித்தோரிலிருந்து எழுந்துவிட்டான் என்றான் என்று மாற்கு 6ஆம் அதிகாரம் சொல்கிறது. அப்படியென்றால் தனி ஒருவர் எழுந்தார் என்ற எண்ணம் அக்காலத்தில் நினைக்கவே முடியாத ஒன்றாக இருக்கவில்லை. நம்பிக்கை பொய்த்தபின்பும் இயக்கங்கள் கலைந்துவிடுவதில்லை என்பதும் தெரிந்ததுதான். யூத மேசியா என்று போற்றப்பட்ட சபத்தாய் ட்ஸ்வி 1666இல் ஒட்டோமான் சுல்தான் முன் இஸ்லாத்தைத் தழுவிய பிறகும், அதிலும் ஏதோ மறைபொருள் இருக்கிறது என்று ஒரு கூட்டம் அவரைத் தொடர்ந்தது. 1994இல் நியூயார்க்கில் மறைந்த, லுபாவிச் ரெபே என்று அழைக்கப்பட்ட யூத சமயத் தலைவரைச் சாகாதவராகவோ திரும்பி வரப்போகும் மேசியாவாகவோ கருதும் அன்பர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

நம் தருக்க மரபில் இந்த வாதத்தின் வடிவத்துக்கு ஒரு பெயர் உண்டு: அருத்தாபத்தி. பகலில் உண்ணாத தேவதத்தன் பருத்திருக்கிறான். ஆகவே இரவில் உண்கிறான். காணப்படும் ஒன்றை வேறெப்படியும் விளக்க முடியாதபோது, காணாத ஒன்றைக் கொள்வது. உயிர்த்தெழுதல் வாதம் அச்சு அசலாக இதுதான். சிதறி ஓடிய சீடர்கள் சில வாரங்களில் எருசலேமின் நடுவே நின்று பேசினார்கள், ஆகவே அவர்கள் எழுந்தவரைக் கண்டார்கள் என்கிறது அது. இயேசு வாழ்ந்த காலத்தில் அவரை நம்பாத சகோதரன் யாக்கோபு சபைத் தலைவனாகி 62இல் கல்லெறியுண்டு செத்தான், சபையைத் துன்புறுத்திய பவுல் அதன் தூதனானான் என்பவற்றையும் சேர்த்துக்கொள்கிறது. அருத்தாபத்தியின் பலம் முழுவதும், வேறு வழியே இல்லை என்பதை நிறுவுவதில் இருக்கிறது. தேவதத்தனுக்கு உடல் வீங்கும் நோய் இருந்தால் வாதம் கவிழ்ந்தது. இங்கே அந்த நோய்க்கான வாய்ப்பை முற்றிலும் நீக்க முடியவில்லை என்பதுதான் என் வாசிப்பு. பேதுருவின் துக்கம் ஒன்றை விளக்கும், பவுலின் மனச்சாட்சி ஒன்றை விளக்கும், வெறுங்கல்லறையை வேறொன்று விளக்கும். விசுவாசியின் விளக்கம் ஒரே ஒரு காரணத்தால் எல்லாவற்றையும் தாங்குகிறது. ஆனால் அந்த ஒரு காரணம் விலை மிகுந்தது.

இங்கேதான் உங்கள் பதிலுக்கு வருகிறேன். "எத்தனை பேர் சொன்னாலும்" என்று நீங்கள் சொன்னது 1748இல் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம் சொன்னதன் நாட்டு வடிவம். ஓர் அற்புதத்துக்கான சாட்சி, அந்தச் சாட்சி பொய்யாக இருப்பது அந்த அற்புதத்தைவிடப் பெரிய அற்புதமாக இருந்தால் ஒழிய ஏற்கத்தக்கதல்ல என்றார் அவர். சைவ சித்தாந்தம் காட்சி (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (பிறர் சொல்) என்று அறிவு பெறும் அளவைகளைச் சொல்லும். ஹியூம் சொன்னது, உரை ஒருபோதும் ஊரறிந்த காட்சியை வெல்லாது என்பது. சுவையான செய்தி என்னவென்றால், அதே நூலில் அவர் ஓர் இந்திய இளவரசனைக் கொண்டுவருகிறார். தண்ணீர் குளிரில் கல்லாய் உறையும் என்று கேட்டு நம்ப மறுத்த அந்த இளவரசன் சரியாகவே சிந்தித்தான் என்று ஹியூம் சொல்கிறார். சரியாகச் சிந்தித்தான், ஆனால் தண்ணீர் உறையத்தான் செய்கிறது. தான் வாழ்ந்த வெப்ப நாட்டின் அனுபவத்தை உலகத்தின் எல்லையாக வைத்துக்கொண்டவனுக்கு, எல்லைக்கு வெளியே உள்ள உண்மை எந்த வாயால் வந்தாலும் உள்ளே நுழைய வழியில்லை. இறந்தவர்கள் தாமாக எழுவதில்லை என்பதைக் கிறிஸ்தவனும் ஒப்புக்கொள்கிறான். தாமாக எழுந்தார் என்று அவன் சொல்லவில்லை, கடவுள் எழுப்பினார் என்கிறான். ஆகவே கேள்வி, அப்படி ஒரு கடவுள் இருக்க இடம் உண்டா என்பதாக நகர்ந்துவிடுகிறது.

ரிச்சர்ட் ஸ்வின்பர்ன் என்ற ஆக்ஸ்ஃபோர்ட் தத்துவப் பேராசிரியர் 2003இல் நிகழ்தகவுக் கணக்குப் போட்டு, உயிர்த்தெழுதல் நடந்திருக்க 97 விழுக்காடு வாய்ப்பு என்று முடித்தார். அவர் கணக்கில் தவறு தேட வேண்டியதில்லை; கடவுள் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று தொடங்குகிறார் பாருங்கள், அங்கேயே முடிவு பெரும்பாலும் அடங்கிவிட்டது. தொடக்கத்தில் இலட்சத்தில் ஒன்று என்று வைத்தால் அதே சான்றுகள் அதே கணக்கில் வேறு முடிவைத் தரும். அந்த 97ஐப் பிரசங்க மேடையில் அறிவியல் முடிவுபோலச் சொல்வது எனக்குக் கூச்சத்தைத் தருகிறது.

உங்கள் நண்பரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்ட வள்ளலார் உடலோடு ஒளியில் கலந்தார் என்று சன்மார்க்க அன்பர்கள் நம்புகிறார்கள். நாள் தெரியும், இடம் தெரியும், உடன் இருந்தவர்களின் பெயர்கள் தெரியும். 1878இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட அரசுக் கையேடே அவரைப் பற்றிப் பேசுகிறது. காலத்தின் நெருக்கம்தான் சான்றின் அளவுகோல் என்றால், இது மாற்கு சுவிசேஷத்தைவிட நெருக்கமானது. இதைக் கேட்டவுடன் நண்பர் ஹியூமின் சீடராக மாறிவிட்டால், தாம் தம் சான்றுகளால் மட்டும் விசுவாசிக்கவில்லை என்பதை அவரே காட்டிவிட்டார். வேறுபாடுகள் உண்டு, உடல் காணப்படவில்லை என்பதும், மரித்தவரைப் பின்பு பலர் கண்டார்கள் என்பதும் ஒரே வகைச் சாட்சி அல்ல. ஆனால் அந்த வேறுபாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பேச வேண்டும். புறங்கையால் தள்ளக் கூடாது.

"பொய்க்காக யாராவது சாவார்களா, பன்னிருவரும் இரத்தசாட்சிகளாய் மரித்தார்களே" என்பது அவர் அடுத்துச் சொல்லப்போவது. நன்கு சான்றுள்ள மரணங்கள் சிலவே: செபெதேயுவின் மகன் யாக்கோபு, இயேசுவின் சகோதரன் யாக்கோபு, பேதுரு, பவுல். மற்றவை பெரும்பாலும் பிற்கால மரபு. நம் ஊர் மரபான பரங்கிமலைத் தோமாவின் கதையும் அப்படித்தான். அவர் இந்தியாவில் கொல்லப்பட்டதைச் சொல்லும் தோமாவின் நடபடிகள் 3ஆம் நூற்றாண்டு நூல், அதில் மயிலாப்பூரின் பெயர் இல்லை. சான்றுள்ள அந்தச் சிலரின் மரணம் காட்டுவது, அவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர் என்பதை. அது சிறிய செய்தி அல்ல, ரைமாருஸுக்கு அதுவே போதுமான பதில். அவர்கள் ஏமாறவில்லை என்பதை அது காட்டாது.

சரி, நடந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதிலிருந்து கிறிஸ்தவ விசுவாசம் தானாகப் பிறக்குமா? பின்காஸ் லாபிடெ என்ற வைதிக யூத அறிஞர் 1977இல் ஜெர்மன் மொழியில் ஒரு சிறு நூல் எழுதினார். இயேசுவைக் கடவுள் எழுப்பியது உண்மையான நிகழ்ச்சி என்று அவர் ஏற்றார். சீடர்களின் மாற்றத்தை வேறெதுவும் விளக்கவில்லை என்பதே அவர் காரணம். ஆனால் அவர் கிறிஸ்தவராகவில்லை. இயேசு மேசியா என்று ஒப்புக்கொள்ளவும் இல்லை. இஸ்ரவேலின் கடவுள் தம் நீதிமான் ஒருவரை எழுப்பினார், புறஜாதியாரை, அதாவது யூதரல்லாதவரை, தம்மிடம் கூட்டிச்சேர்க்க அது வழியாயிற்று என்பதோடு நிறுத்திக்கொண்டார். இந்த வழக்கில் எனக்கு மிகவும் பயன்பட்ட சாட்சி அவர்தான். நிகழ்ச்சியை ஏற்பது ஒன்று, அந்த மனிதரிடம் தன்னை ஒப்படைப்பது இன்னொன்று என்பதை அவர் வாழ்க்கையே பிரித்துக் காட்டிவிட்டது. வரலாற்றுச் செய்திக்கும் அசையாத உண்மைக்கும் நடுவே உள்ள அகன்ற பள்ளத்தை எத்தனை முயன்றும் தாண்ட முடியவில்லை என்று லெஸ்ஸிங் 1777இல் புலம்பியதும் இதைத்தான்.

எனவே என் பதில்: உயிர்த்தெழுதல் விசுவாசத்துக்கு நம்பத்தக்க ஆதாரம், ஆனால் தனியாக நிற்கும் தூண் அல்ல. மலைப்பிரசங்கத்தையும், ஊரார் வெறுத்த, வரி வசூலிக்கும் ஆயக்காரரோடு பந்தியிருந்ததையும், சிலுவையில் தொங்கியபடி செய்த ஜெபத்தையும் படித்து, இவர் கடவுளை அறிந்தவர் என்று முன்பே மனம் அசைந்த ஒருவருக்கு, கடவுள் இவரைக் கைவிடவில்லை என்ற செய்தி கேட்கத்தக்கதாகிறது. அப்போது 1 கொரிந்தியர் 15 அவருக்குத் திறந்த கதவு. அப்படி எதுவும் அசையாதவரிடம் வெறுங்கல்லறையை மட்டும் கொண்டுபோய்க் காட்டினால், அவர் அதில் காணப்போவது தீர்க்கப்படாத ஒரு புதிரைத்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு நியாயம் இல்லை. என்னைப் பொறுத்தவரை நான் விசுவாசித்தது இந்த வாதங்களைப் படிப்பதற்கு வெகு முன்பு. படித்தபின் அவை என் விசுவாசத்தை நிறுவவில்லை. அது அறிவுக்கு விரோதமானது அல்ல என்பதைக் காட்டின, அதைச் சொல்லும்போது குரலைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ளவும் கற்பித்தன.

சந்தேகத்தோடு விசுவாசியாக இருக்கலாமா என்ற கேள்விக்கு, மத்தேயுவின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். கலிலேயா மலையில் பதினொரு சீடரும் எழுந்தவரை நேரில் காண்கிறார்கள். "அங்கே அவர்கள் அவரைக் கண்டு, பணிந்துகொண்டார்கள்; சிலரோ சந்தேகப்பட்டார்கள்." அந்தக் கிரேக்க வினைச்சொல்லுக்கு இருமனப்பட்டு நிற்பது என்று பொருள். புதிய ஏற்பாடு முழுவதிலும் அது வருவது இரண்டே இடங்களில். மற்றது, தண்ணீரின்மேல் நடக்கத் தொடங்கிக் காற்றைக் கண்டு அமிழ்ந்த பேதுருவைப் பற்றியது, அதுவும் அதே மத்தேயுவில். மலையில் சந்தேகப்பட்டவர்களைத் தனியே நிறுத்தியதாக மத்தேயு எழுதவில்லை. அடுத்த வசனத்தில் இயேசு "அவர்களை நோக்கி"ப் பேசத் தொடங்குகிறார். புறப்பட்டுப்போங்கள் என்ற கட்டளை பதினொருவருக்கும் சேர்த்தே வருகிறது.